மூன்று ஏழு போட்டால் ரிப்பேர் ஆகிவிடுமா?

கணினி ரிப்பேர் செய்ய வருகிற பிள்ளைகளுக்கும், அவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுக்கிற என் வயதுக்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபத்தில் பாதி என்மேலேயே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். லினக்ஸ் கணினியில் ஒரு வெப் சர்வர் வைத்திருக்கிறீர்கள். ஒரு நாள் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் 'ஃபர்பிடன்' என்று வருகிறது. ரிப்பேர் பையனைக் கூப்பிடுகிறீர்கள். அவன் கறுப்புத் திரையைத் திறந்து, 'சிஎச்மோட் 777' என்று ஒரு வரி அடிக்கிறான். திறந்துவிடுகிறது. நமக்கு ஆச்சரியம், அவனுக்குக் கூலி. இது ரிப்பேர் இல்லை என்கிறேன் நான். கதவுப் பூட்டு இறுகிவிட்டது என்று ஆசாரியைக் கூப்பிட்டால், அவர் கதவையே கழற்றித் தெருவில் சாத்திவிட்டு, "இனிமேல் இறுகாது" என்று சொல்லிவிட்டுப் போவது எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

வெப் சர்வர் என்றதும் பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று நினைக்கவேண்டாம். வீட்டில் கிடக்கும் ஒரு பழைய கணினியில் அப்பாச்சி என்கிற இலவச மென்பொருளைப் போட்டால் போதும். அதிலுள்ள படங்களையும் கடிதங்களையும் அதே வீட்டு வைஃபையில் இருக்கும் செல்போனிலிருந்தே பார்க்கலாம். வெளியுலகத்துக்குத் திறந்துவிடவேண்டிய அவசியமில்லை. 2021-இல் என் பேரன் பிளஸ் டூ படிக்கும்போது இதை எனக்கு அமைத்துக் கொடுத்தான்.

அதில் நான் வைத்திருப்பது காகிதங்கள். எங்கள் புதுச்சேரியில் 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல்தான் சட்டப்படி அது முடிந்தது. அதற்கு முந்திய பிறப்பு, கல்யாணம், சாவு, நொத்தேர் எழுதிய வீட்டுப் பத்திரம் என்று பிரெஞ்சில் எழுதிய ஒரு கட்டாவது இல்லாத பழைய குடும்பத்தை எங்கள் தெருப் பக்கம் நான் பார்த்ததில்லை. படித்துச் சொல்லத்தான் ஆள் குறைந்துவிட்டது. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவன். ஆகவே மஞ்சள் பையோடு வருவார்கள். படித்துச் சொல்வேன், தமிழில் சுருக்கம் எழுதிக்கொடுப்பேன், அவர்கள் சம்மதித்தால் ஸ்கேன் செய்து குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டராக வைத்துக்கொள்வேன். காசு வாங்குவதில்லை.

2024 ஆரம்பத்தில் கணினியின் பழைய டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. புது டிஸ்க் வாங்கி, கோப்புகளை மாற்றி, உபுண்டு 22.04 பதிப்பைப் போட்டாயிற்று. பழைய டிஸ்க் அதோடு கண்ணை மூடிவிட்டது. புதிதில் எல்லாம் நன்றாக இருந்தது, வெப் சர்வரைத் தவிர. காகிதங்கள் இருந்த ஃபோல்டரைத் தொட்டால் 'ஃபர்பிடன்'. பேரன் அப்போது இன்ஜினீயரிங் படிக்க ஹாஸ்டலில் இருந்தான். பரீட்சை நேரத்தில் அவனைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று கடையிலிருந்து ஒரு பையனை வரவழைத்தேன்.

நல்ல பையன்தான். மரியாதையாகப் பேசினான். "ஐயா, பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றான். சொன்னேன். ஒரே வரி அடித்தான். என் பெயரில் உள்ள ஃபோல்டர் முழுவதற்கும், அதற்குள் இருந்த அத்தனை ஃபோல்டருக்கும், அத்தனை கோப்புக்கும் 777.

"என்ன தம்பி செஞ்சே?"

"பர்மிஷன் பிரச்சினை ஐயா. ஃபுல் பர்மிஷன் கொடுத்துட்டேன். இனிமே வராது."

முந்நூறு ரூபாய் கொடுத்தேன். யாருக்கு ஃபுல் பர்மிஷன் என்று நான் கேட்கவில்லை. கோப்பு தூக்கியே காலம் தள்ளியவன் கேட்டிருக்கவேண்டிய முதல் கேள்வி அது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மா இருக்கிறார். அவர் கணவர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இறந்து பல வருஷம் ஆகிறது. 2023-இல் அவர் விட்டுப்போன காகிதங்களை அந்த அம்மா கொண்டுவந்தார். ராணுவப் புத்தகம், சில உத்தியோக உத்தரவுகள், அதோடு அவர் வெளியூரிலிருந்து எழுதிய கடிதங்கள். கடிதங்கள் மட்டும் தமிழில். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊரருகே கரை கடந்ததை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஊரே தண்ணீரில் நின்றது. அந்த அம்மா வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி முழுகிவிட்டது. பொங்கல் முடிந்து ஒரு நாள் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, அன்னிக்கு மெசினுல புடிச்சு வச்சீங்களே, அதுல அவரு கடுதாசி மட்டும் எடுத்துக் குடுங்க. பெட்டியில இருந்தது கூழாப் போயிடுச்சு."

பெருமையோடுதான் கணினியைத் திறந்தேன். ஃபோல்டரில் கோப்புகள் இருந்தன. திறந்தால் ஒவ்வொன்றும் தபால்தலை அளவுக்கு இருந்தது. பெரிதாக்கினால் எறும்பு ஊர்ந்தமாதிரி வரிகள். எழுத்து இருக்கிறது என்று தெரிகிறது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. அசல் ஸ்கேன் ஒன்றுகூட இல்லை.

யார் செய்தது? ஒரு பட்டியல் எடுத்துப் பார்த்தேன். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரில் அதற்குச் சொந்தக்காரர் பெயர் இருக்கும். நான் ஸ்கேன் செய்தவற்றில் என் பெயர் இருக்கவேண்டும். இந்தத் தபால்தலைகளில் என் பெயர் இல்லை. 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்று இருந்தது. உபுண்டுவில் அப்பாச்சி வேலை செய்வது அந்தப் பெயரில்தான். தேதி ஆகஸ்டு மாதம். பேரன் லீவுக்கு வந்திருந்த வாரம்.

போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான். கல்லூரி பிராஜெக்டுக்காகப் படங்களைச் சிறிதாக்கிக் காட்டும் ஒரு பக்கத்தை அப்போது எழுதிக்கொண்டிருந்தானாம். பரிசோதிக்கப் படங்கள் வேண்டும் என்று என் ஃபோல்டர் ஒன்றின் பெயரைக் கொடுத்திருக்கிறான். சிறிய படம் தயாரானதும் பழைய பெரிய படத்தை அழித்துவிடு என்று அந்த நிரலில் ஒரு வரி இருந்திருக்கிறது. அவன் பார்த்தது சிறிய படங்கள் அழகாக வந்ததை. பெரியவை போனதைப் பார்க்கவில்லை.

"தாத்தா, அதுக்கு அழிக்கிற பவரே இருந்திருக்கக்கூடாதே! எரர்தானே வந்திருக்கணும்?" என்றான்.

அவன் சொன்னது சரி. தப்பு செய்த பிள்ளையின் வாயிலிருந்தே தீர்ப்பும் வந்துவிட்டது. அவன் எழுதிய நிரல் அப்பாச்சியின் பெயரில் ஓடியது. அப்பாச்சிக்கு என் காகிதங்களைப் படிக்க மட்டும் அனுமதி இருந்திருந்தால், அழிக்கப்போன இடத்தில் 'முடியாது' என்று பதில் வந்திருக்கும். அவனும் திருத்திக்கொண்டிருப்பான், கடிதங்களும் இருந்திருக்கும். 777 இருந்ததால் எல்லோருக்கும் எல்லாம் செய்யலாம். எல்லோரில் அவசரத்தில் எழுதிய ஒரு நிரலும் அடக்கம்.

இந்த எண் என்ன என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், இது நம் ஆபீஸ் கணக்குத்தான்.

1969-இல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி என்பவர்கள் யூனிக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். லினக்ஸ் அதைப் பார்த்துப் பின்னால் வந்தது. அந்த ஆராய்ச்சிக் குழுவுக்கு வெளியே யூனிக்ஸை முதலில் பயன்படுத்தியவர்கள் அதே நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் விண்ணப்பங்களை டைப் அடித்தவர்கள். எனக்கு இதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. நம் ஜாதி ஆட்கள்! ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. யார் எதைத் தொடலாம் என்று எழுதிவைக்கவேண்டிய தேவை இருந்தது.

ஆகவே ஆட்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். கோப்பின் சொந்தக்காரர், அவருடைய குழு, மற்றவர்கள். நம் பாஷையில் சொன்னால் கோப்பைக் கவனிக்கும் குமாஸ்தா, அவர் செக்ஷன், கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும் ஜனங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண். படிக்கலாம் என்றால் 4, எழுதலாம் என்றால் 2, இயக்கலாம் என்றால் 1. கூட்டினால் 7. முதல் 7 சொந்தக்காரருக்கு, நடு 7 குழுவுக்கு, கடைசி 7 மற்றவர்கள் அத்தனை பேருக்கும்.

ஃபோல்டருக்கு வரும்போது அர்த்தம் கொஞ்சம் மாறுகிறது. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஃபோல்டரை ஓர் அறை என்று நினைக்காதீர்கள், ஒரு பதிவேடு என்று நினையுங்கள். 4 என்றால் பதிவேட்டிலுள்ள பெயர்களைப் பார்க்கலாம். 1 என்றால் அந்த வழியாக உள்ளே கடந்துபோகலாம். 2 என்றால், கூடவே அந்த 1-ம் இருக்கும்போது, பதிவேட்டில் புதுப் பெயர் சேர்க்கலாம், பெயர் மாற்றலாம், இருக்கிற பெயரை அடித்துவிடலாம். கோப்பு அழிந்துபோவது பதிவேட்டில் பெயரை அடிப்பதால்தான். ஆகவே ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பின் அனுமதியில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதியில் இருக்கிறது. கோப்புக்கு எவ்வளவு பூட்டுப் போட்டாலும், ஃபோல்டர் 777 என்றால் யாரும் அதை அழித்துவிடலாம். அந்த சொல்தா வீட்டுக் கடிதங்கள் போனது இந்த வழியில்தான்.

சரி, என் வீட்டில் உண்மையான கோளாறு என்ன? பேரன் வந்து உட்கார்ந்து பார்த்தான். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து, புதிதாக உண்டாக்கும் பயனருடைய ஃபோல்டருக்கு 750 என்ற அனுமதியை வைக்கிறார்கள். கடைசி எண் பூஜ்யம். மற்றவர்கள் வாசற்படியே மிதிக்க முடியாது. அதற்கு முன் 755 இருந்தது. நான் காகிதங்களை என் பெயர் ஃபோல்டருக்குள் வைத்து, அப்பாச்சியின் இடத்திலிருந்து அங்கே ஒரு கைகாட்டி மட்டும் போட்டிருந்தேன். பழைய பதிப்பில் அப்பாச்சி என் வாசல் வழியாகக் கடந்துபோயிற்று. புதிய பதிப்பில் வாசலிலேயே நிறுத்தப்பட்டது. அவ்வளவுதான் வியாதி.

இதைக் கண்டுபிடிக்க ஜோசியம் வேண்டாம். அப்பாச்சி தன் தவறுப் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. போகும் பாதையில் ஏதோ ஒரு ஃபோல்டரில் கடந்துபோகும் அனுமதி இல்லை என்று தெளிவாக எழுதுகிறது, பாதையையும் சேர்த்து. 'நேம்ஐ' என்று ஒரு கட்டளை இருக்கிறது (என்-ஏ-எம்-இ-ஐ என்று அடிக்கவேண்டும்). முழுப் பாதையையும் கொடுத்தால் ஒவ்வொரு படியிலும் யாருக்கு என்ன அனுமதி என்று வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் அடைப்பு என்று அரை நிமிஷத்தில் தெரியும். கடைப் பையன் இந்த இரண்டில் ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு படியில், ஒரே ஓர் ஆளுக்கு, ஒன்று என்ற ஓர் எண் தேவைப்பட்டது. அவன் என் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு, உலகத்துக்கே, ஏழு கொடுத்துவிட்டுப் போனான். என் பென்ஷன் புத்தகத்தின் ஸ்கேன், வங்கிக் கணக்குப் புத்தகம் உட்பட.

இன்னொன்று. என் கணினியைப் பிரெஞ்சில் வைத்திருக்கிறேன், பழக்க தோஷம். பேரன் அப்பாச்சியின் பெயரில் அந்த ஃபோல்டரைத் திறக்க முயன்று காட்டினான். 'பெர்மிசியோன் நோன் அக்கொர்தே' என்று வந்தது. 'அனுமதி வழங்கப்படவில்லை' என்று அர்த்தம். 'ஃபர்பிடன்' என்றால் விரட்டுகிறமாதிரி இருக்கிறது. இது அப்படி இல்லை. வழங்கவேண்டியவர் இன்னும் வழங்கவில்லை என்கிறது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று கேட்டு வழங்கு என்கிறது. நாம் நோட் எழுதி அதிகாரியிடம் வைப்போமே, அதே தொனி.

இனி, இதை நியாயப்படுத்துகிறவர்களின் வாதங்களுக்கு வருகிறேன்.

"வீட்டுக்குள்ளே இருக்கிற கணினிதானே, யார் வரப்போகிறார்கள்?" இது முதல் வாதம். என் வீட்டில் யாரும் வெளியிலிருந்து வரவில்லை. திருடன் வரவில்லை, வைரஸ் வரவில்லை. என் செல்லப் பேரன்தான் வந்தான், நல்ல எண்ணத்தோடு. அனுமதி என்பது கெட்டவர்களைத் தடுக்க மட்டும் என்று நினைப்பதே தவறு. நல்லவர்களின் கைதவறுதலைத் தாங்குவதற்கும்தான் அது. நான் வேலை பார்த்த ஆபீஸில் ரெக்கார்ட் ரூமில் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் கோப்பு வெளியே வரும். எங்களைத் திருடர்கள் என்று நினைத்தா சீட்டுக் கேட்டார்கள்? மறதிக்காரர்கள் என்று தெரிந்து கேட்டார்கள். தவிர, வெளியுலகத்துக்குத் திறந்திருக்கும் சர்வராக இருந்தால் கதையே வேறு. எழுதிய நிரலில் ஓர் ஓட்டை இருந்து அதன் வழியாக ஒருவன் நுழைந்தால், 777 இருக்கும் இடத்திலெல்லாம் அவன் தன் சரக்கை எழுதிவைத்துவிட்டுப் போகலாம்.

"முதலில் ஓடட்டும், அப்புறம் சரி செய்துகொள்ளலாம்." இது இரண்டாவது. அப்புறம் என்பது வருவதில்லை. ஓடுகிற வண்டியை யார் நிறுத்திப் பார்க்கிறார்கள்? அதைவிட முக்கியம், சரி செய்யவே முடியாது. முன்பு எந்தக் கோப்புக்கு என்ன அனுமதி இருந்தது என்று அந்தக் கட்டளை எங்கும் குறித்துவைப்பதில்லை. பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறமாதிரி. மாற்றுவதற்கு முன் 'கெட்எஃப்ஏசிஎல்' என்ற கட்டளையால் இருக்கிற அனுமதிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால், வேண்டும்போது 'செட்எஃப்ஏசிஎல்' கொண்டு திரும்பப் போடலாம். அதை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

"எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பது மூன்றாவது. மனிதர்கள் செய்யலாம். மென்பொருள்களுக்கே கூச்சமாக இருக்கிறது. எஸ்எஸ்எச் என்ற மென்பொருளின் ரகசியச் சாவிக்கோப்புக்கு 777 போட்டுப் பாருங்கள். அனுமதி மிகத் தளர்வாக இருக்கிறது என்று சொல்லி அந்தச் சாவியைத் தொடவே மறுத்துவிடும். மைஎஸ்க்யூஎல், யாரும் எழுதக்கூடிய அமைப்புக்கோப்பை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஓர் எச்சரிக்கை கொடுக்கும். இயந்திரமே வேண்டாம் என்கிறதை நாம் காசு கொடுத்துச் செய்துகொள்கிறோம்.

எல்லோரும் எழுதலாம் என்ற இடம் லினக்ஸில் இல்லாமலும் இல்லை. 'டெம்ப்' என்கிற தற்காலிக ஃபோல்டர் அப்படித்தான். ஆனால் அதற்கு எண் 777 இல்லை, 1777. முன்னால் இருக்கும் அந்த ஒன்றுக்கு அர்த்தம், யார் வேண்டுமானாலும் வைக்கலாம், அவரவர் வைத்ததைத்தான் அவரவர் எடுக்கலாம் என்பது. எல்லோருக்கும் திறந்த இடத்துக்கே அவர்கள் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் நான் நியாயவான் ஆகமாட்டேன். எல்லாவற்றையும் பூட்டி வைப்பதும் பாவம்தான். எங்கள் காலத்தில் ஒரு நகலுக்காக ஜனங்களை நாலு நடை நடக்கவைத்த சீட்டுகள் இருந்தன. நானே வைத்திருக்கிறேன். உரியவருக்கு உரியதைக் கொடுக்காமல் சட்டம் பேசினால், அவர் ஒரு நாள் பின்கதவைத் தேடிப்போவார். 777 அந்தப் பின்கதவுதான். தேவையானவருக்குத் தேவையான அளவு கேட்டவுடனே கிடைத்தால், யாரும் கதவைக் கழற்றமாட்டார்கள். ஆகவே நான் 'கொடுக்காதே' என்று சொல்லவில்லை. 'பார்த்துக் கொடு' என்கிறேன்.

பார்த்துக் கொடுப்பது எப்படி என்று, பேரன் செய்ததைச் சொல்கிறேன். அவன் வேலை அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

காகிதங்களை என் பெயர் ஃபோல்டரிலிருந்து எடுத்து, அப்பாச்சிக்கென்று உபுண்டு ஒதுக்கியிருக்கும் இடத்துக்கு மாற்றினான். என் சொந்த ஃபோல்டருக்குப் பழையபடி 750. இனி அதன் வழியாக அப்பாச்சி நடக்கவேண்டிய தேவையே இல்லை. இடம் மாற்ற விருப்பமில்லாதவர்கள் அப்பாச்சி ஒருவருக்கு மட்டும் கடந்துபோக அனுமதி கொடுக்கலாம், அதற்கும் அந்த 'செட்எஃப்ஏசிஎல்' இருக்கிறது.

காகிதங்களுக்குச் சொந்தக்காரன் நான். குழு, அப்பாச்சியின் குழு. ஃபோல்டர்களுக்கு 2750. அதாவது எனக்கு எல்லாம், அப்பாச்சிக்குப் பார்க்கவும் கடந்துபோகவும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. முன்னாலிருக்கும் 2, நான் புதிதாக வைக்கும் கோப்பையும் அதே குழுவில் சேர்க்கும். கோப்புகளுக்கு 640. நான் எழுதலாம், அப்பாச்சி படிக்கலாம். ஸ்கேன் செய்த கடிதத்தை யாரும் 'இயக்க' வேண்டியதில்லை, ஆகவே அந்த 1 யாருக்கும் இல்லை.

பேரனின் பிராஜெக்டுக்குத் தனி ஃபோல்டர். அதிலும் அப்பாச்சி எழுதவேண்டிய ஒரே ஓர் உள் ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி. பிறகு அந்தப் பழைய நிரலையே என் காகிதங்கள்மேல் ஏவிக் காட்டினான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 'அனுமதி வழங்கப்படவில்லை' என்று வரிசையாக வந்தது. ஒரு கோப்பும் அசையவில்லை. என் ஆயுளில் ஒரு மறுப்பைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இந்த எண்கள் கணினிக்குள்ளே ஓடுகிறவர்களுக்கான காவல். வைஃபை வழியாக வருகிறவர்கள் அப்பாச்சியிடம் கேட்டு வாங்கிப் பார்க்கிறவர்கள். அவர்களுக்காக அப்பாச்சியிலேயே ஒரு பாஸ்வேர்டு தனியாக வைத்திருக்கிறோம். கடைசியாக, ஞாயிற்றுக்கிழமைதோறும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து பீரோவில் வைக்கிறேன். இதை முதலிலிருந்தே செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. இதைக் கடைப் பையன்மேல் போட முடியாது. இது முழுக்க என் சோம்பேறித்தனம்.

அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? உள்ளதைச் சொன்னேன். தபால்தலை அளவில் இருந்ததை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி அச்சடித்துக் கொடுத்தேன். உத்தியோகக் காகிதங்களைப் பற்றிக் கவலைப்படவேண்டாம், எழுதிக் கேட்டு நகல் வாங்க முயற்சி செய்யலாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியும் கொடுத்தேன். கடிதங்களுக்கு எந்த ஆபீஸில் மனுப்போடுவது?

அவர் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஒரு மூலையைத் தொட்டு, "இது அவரு கையெழுத்துதான். கடைசியில எப்பவும் இப்பிடித்தான் கோடு இழுப்பாரு" என்றார். பிறகு, "விடுங்கண்ணே, தண்ணிக்குப் போனது பாதி, மெசினுக்குப் போனது பாதி" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ரிப்பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தம்பிகளே, உங்களுக்கு அது ஒரு வரி. அந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாததனால்தான் இன்னும் நிதானமாகத் தொடவேண்டும். தவறுப் பதிவேட்டைப் படியுங்கள், எந்தப் படியில் அடைப்பு என்று பாருங்கள், அதை மட்டும் திறங்கள். அதற்கு ஐந்நூறு ரூபாய் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுக்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்வது இன்னும் சுருக்கம். கணினி நமக்குப் புதிதாக இருக்கலாம், அனுமதி புதிதில்லை. யார் கையில் எந்தக் கோப்பு போகலாம் என்று பார்த்துப் பார்த்தே நம்மில் பலர் பென்ஷன் வாங்கியவர்கள். ஆகவே வெட்கப்படாமல் பக்கத்தில் உட்காருங்கள். கறுப்புத் திரையில் மூன்று ஏழு விழுந்தால், "யாருக்குத் தம்பி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை எண்டர் தட்டவிடாதீர்கள். காப்பியை அதற்கப்புறம் கொடுக்கலாம்.